மழைக்கு முன் ஒரு வீடு கொடுங்கள்

புரட்டாசி முடியப் போகிறது. இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை சென்னையில் இறங்கிவிடும். கூடவே தீபாவளி வெடிச் சத்தமும் வரும். செங்குன்றம் தொடங்கி தாம்பரத்துக்குத் தெற்கே வரை, நகரைச் சுற்றியுள்ள நாய்க் காப்பகங்களில் சிமெண்டுத் தரை ஈரம் கோக்கத் தொடங்கும். அந்தத் தரையில், தானாக எழுந்து நிற்க முடியாத நாய்கள் படுத்திருக்கின்றன. மழை நீர் உள்ளே வந்தால் இளம் நாய்கள் மேட்டுக்கு ஏறிக்கொள்ளும். பின்னங்கால் விழுந்துபோன நாய் எங்கே ஏறும்? பார்வை போன நாய்க்கு மேடு எந்தப் பக்கம் என்று யார் சொல்வார்கள்? அவற்றுக்காகத்தான் இந்த அறைகூவல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மழை தொடங்குவதற்குள் உங்களில் முடிந்தவர்கள் ஆளுக்கொரு கிழ நாயை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அதன் கடைசி நாள் வரை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இடமும் நேரமும் உங்களுடையதாக இருக்கட்டும். செலவையும் அலைச்சலையும் நாம் எல்லோரும் சேர்ந்து சுமப்போம்.

குட்டிகளுக்கு வீடு தேட நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டால் குட்டிகள் போய்விடுகின்றன. மூன்று கால் நாய்க்குக்கூட இப்போதெல்லாம் ஆள் வருகிறது. முகவாய் நரைத்த நாயின் கூண்டு முன்னால் வந்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்கிறார்கள், "ஐயோ பாவம்" என்கிறார்கள், அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தை மாற்றுவதுதான் இப்போது நம் வேலை.

யார் இந்த நாய்கள்? முதலில் காதைப் பாருங்கள். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட தெருநாய். அந்த வெட்டு நம் கையால் வந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே வழி என்று நாடே இருந்த காலத்தில், கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று 1964இல் இதே சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு அந்த வேலையைத் தொடங்கியது. மாநகராட்சி அந்த வழியை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. இன்று மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள் வரை அதே முறைதான் சட்டமாக இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் விடியற்காலையில் வலையோடு நாயைத் துரத்தி ஓடியிருக்கிறோம்! அறுவை முடிந்து மயக்கம் தெளியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட்டு, அடுத்த நாள் சோறு வைக்கப் போயிருக்கிறோம்.

அப்படி நாம் காப்பாற்றியவைதான் இப்போது மூப்படைந்திருக்கின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் தினமும் ஒரு வேளைச் சோறும் கிடைத்த நாய் பத்து வயதைத் தாண்டி வாழ்கிறது. ஆனால் பத்து வயது நாய்க்குத் தெருவில் இடம் இல்லை. வண்டி வருவது காதில் விழாது. விழுந்தாலும் ஒதுங்குவதற்குக் கால் வராது. இளசுகள் சேர்ந்து அதன் இடத்திலிருந்து விரட்டும். வழக்கமாகச் சோறு வைக்கும் அம்மா மகன் வீட்டுக்கு மாறிப் போனால், புதிய இடம் தேடிப் போகும் தெம்பு அதற்குக் கிடையாது. இளமையில் அதைக் காப்பாற்றும்போது அதன் முதுமையையும் சேர்த்துத்தான் நாம் கையேற்றோம். இதை நம்மைத் தவிர வேறு யாரிடமும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

காதில் வெட்டு இல்லாத கிழ நாய்கள் வேறு கதை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில், வண்டலூர் பக்கம், சில நேரம் காப்பகத்தின் வாசற்கம்பியிலேயே கட்டிவிட்டுப் போகப்பட்டவை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பக். 2003இல் ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியதும் ஊரெல்லாம் பக் வாங்கியது. சப்பை மூக்கு நாய்க்குச் சென்னை வெயிலில் மூச்சு வாங்கும் என்று வாங்கும்போது யாரும் கேட்கவில்லை. பிறகு ஹஸ்கி வந்தது. பனிப்பிரதேச நாயை ஏசி அறைக்குள் வைத்து வளர்த்தார்கள். மின்கட்டணம், முடி உதிர்வு, தோல் நோய் என்று ஒவ்வொன்றாக வர, நாய் தெருவுக்கு வந்தது. பெரிய உடம்புள்ள நாய்கள் ஏழு எட்டு வயதிலேயே கிழமாகிவிடும். மருந்துச் செலவு ஏறத் தொடங்கும் அந்த வயதில்தான் அவை வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகின்றன.

இன்னொரு வகையும் உண்டு. வீட்டில் தனியாக இருந்த பெரியவர் இறந்துபோகிறார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், காரியம் முடிகிறது, வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுக்கிறார்கள். பத்து வருடம் அந்தப் பெரியவரின் கட்டிலுக்கடியில் படுத்த நாய் என்ன ஆவது? அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. துக்கத்தோடும் விடுமுறைக் கணக்கோடும் வந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த நாய் காப்பகத்தில் பல நாள் சாப்பிடாமல் கேட்டைப் பார்த்தபடி கிடக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மிகக் கொடுமையான வகையைக் கடைசியில் சொல்கிறேன். குட்டி விற்பதற்காகவே கூண்டில் வைத்து ஈனவைக்கப்பட்ட பொட்டைகள். எட்டு வயதுக்கு மேல் ஈனவைக்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விதியைப் படித்திருந்தால்கூட பின்பற்றாதவர்கள் பலர். ஈற்று நின்றதும் அந்தத் தாய்க்கு விலை இல்லை. இரவோடு இரவாக எங்காவது இறக்கிவிடுகிறார்கள்.

ராணி அப்படி வந்தவள். ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். லாப்ரடார், மஞ்சள் நிறம், வயது பத்து இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். மடி தரையைத் தொட்டது. கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் ஈறு வரை தேய்ந்திருந்தன. படி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் வாசலில் ஒரே ஒரு படிதான், அதன் முன்னால் வந்து நின்று நடுங்கினாள். துடைப்பத்தை எடுத்தால் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். முதல் சில வாரங்கள் சோற்றை முகர்ந்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். "சாப்பிடு" என்று நான் சொன்ன பிறகும் நாங்கள் அறையைவிட்டுப் போனால்தான் வாயை வைப்பாள். ஆவணி கழிந்த பிறகு ஒரு நாள் பால்கனியில் வெயில் விழும் இடத்தைத் தானே கண்டுபிடித்து அங்கே மல்லாந்து படுத்தாள். அன்று முதல் அந்த இடம் அவளுடையது. வெயில் நகர நகர அவளும் நகர்வாள். மார்பில் இருந்த கட்டி நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பொங்கலுக்குப் பிறகு போய்விட்டாள். சிறு வயதிலேயே கருத்தடை செய்திருந்தால் அந்தக் கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறைந்திருக்கும். கருத்தடைக்காக நாம் ஏன் இத்தனை ஆண்டு மல்லுக்கட்டினோம் என்பதற்கு அவள் உடம்பே சாட்சி.

ராணிக்கு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு அறை, ஒரு விரிப்பு, நேரத்துக்குச் சோறு, வலிக்கு மருந்து. இவ்வளவையும் காப்பகத்தில் கொடுக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது, தோழர்களே. காப்பகத்தில் வேலை செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே இரண்டு கையை வைத்துக்கொண்டு இருபது கை வேலையை அவர்கள் செய்கிறார்கள். ஆனால் கிழ நாய்க்குத் தேவையான ஒவ்வொன்றும் காப்பகத்தின் இயல்புக்கு நேர் எதிராக இருக்கிறது. அது மெதுவாகச் சாப்பிடும். பக்கத்து நாய் பிடுங்கிக்கொள்ளும். அதற்கு மெத்தென்ற இடம் வேண்டும். கழுவிவிட வசதியாக அங்கே போட்டிருப்பது சிமெண்டு. முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் முதலில் தோல் தடிக்கும், பிறகு வெடிக்கும், பிறகு படுக்கைப் புண். பார்வை போன நாய்மேல் இன்னொன்று மோதினால் பயத்தில் கடிக்கும். "கடிக்கிற நாய்" என்று பெயர் விழுந்துவிட்டால் அதன் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். ஏற்கெனவே பாதி வேலை செய்யும் சிறுநீரகத்தை அது முடித்துவிடும்.

இனி நெருக்கடி கூடப் போகிறது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு அரங்குகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவைப் பற்றி நமக்குள் பல கருத்துகள் உண்டு, அதை வேறு இடத்தில் பேசுவோம். நடைமுறையில் அதன் பொருள், உள்ளே போகும் நாய்கள் வெளியே வராது, இடம் குறையும். இடம் குறையும்போது முதலில் நசுங்குவது எது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிழ நாய் ஒரு வீட்டுக்குப் போனால் அந்த நாய்க்கு நல்லது, அது காலி செய்த இடத்தில் வந்து படுக்கும் இன்னொன்றுக்கும் நல்லது.

இதை எப்படிச் செய்வது? வெளிநாட்டில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2007இல் ஷெர்ரி ஃபிராங்க்ளின் என்பவர் மட்வில் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்காக மட்டும் நடக்கும் அமைப்பு அது. டென்னசி மாநிலத்தில் மவுண்ட் ஜூலியட் என்ற ஊரில் 2012 முதல் ஓல்டு ஃபிரண்ட்ஸ் என்றொரு காப்பகம் இருக்கிறது. இந்தக் காப்பகத்தின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. நாய் சட்டப்படி காப்பகத்தின் நாயாகவே இருக்கும்; மருத்துவச் செலவு முழுவதும் காப்பகத்தின் பொறுப்பு; ஆனால் அது வாழ்வது ஓட்டிப் போகும் தூரத்தில் உள்ள ஒரு தன்னார்வலரின் வீட்டில், சாகும் வரை. கிழ நாய் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களில் பெரும்பாலோர் அன்பில்லாமல் ஒதுங்கவில்லை. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மாதாமாதம் மாத்திரை என்று முடிவு தெரியாத செலவைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் கதவு திறக்கிறது.

நம்மிடம் அவர்கள் அளவுக்குப் பணம் இல்லை. ஆனால் ஆள் இருக்கிறது. ஒரு நாய்க்குப் பத்துப் பேர் சேருவோம். ஒருவர் வீட்டில் நாய் இருக்கும். இரண்டு பேர் மருந்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். கார் வைத்திருப்பவர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகட்டும்; ஆட்டோவும் வாடகைக் காரும் முப்பது கிலோ நாயை எளிதில் ஏற்றாது என்பது நாம் எல்லோரும் அனுபவித்ததே. மருந்துக் கடையில் வேலை செய்யும் தோழர் மாத்திரை வாங்கித் தரட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வீட்டுக்காரர் கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஊருக்குப் போகும்போது வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் எப்போதும் தயாராக இருக்கட்டும். "ஊருக்குப் போனா நாயை யார் பார்ப்பா?" என்ற கேள்விதான் எத்தனையோ நல்ல வீடுகளை நம்மிடமிருந்து பறித்திருக்கிறது. அதற்குப் பெயர் சொல்லிப் பதில் தர முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியை மறக்காதீர்கள். தனியார் மருத்துவமனைக்குப் போக வசதியில்லாதவர்களுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. நாய்களுக்கு ரத்த வங்கியும் டயாலிசிஸ் வசதியும் உள்ள இடம் அது. காலையில் சீக்கிரம் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் அந்த வரிசையில் நிற்கட்டும்.

யார் வீடு? ஓய்வு பெற்ற தம்பதிகளிடம் முதலில் போங்கள் என்று சொல்வேன். நாய் வளர்த்துப் பழகியவர்கள், பழைய நாய் இறந்த பிறகு "இனி வேண்டாம்ப்பா, நாங்க போயிட்டா அதை யார் பார்த்துப்பா?" என்று நிறுத்திக்கொண்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். குட்டியை அவர்களிடம் கொடுப்பது சரியில்லைதான். பதினொரு வயது நாயைக் கொடுக்கலாம். அதற்கும் ஓட்டம் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம். இரண்டு பேரும் மெதுவாகத் தெருமுனை வரை போய் வருவார்கள். மதியத்தில் சேர்ந்து தூங்குவார்கள். நாயின் காலம் முடிந்தால் அழுவார்கள். அவர்கள் காலம் முந்திக்கொண்டால் நாய் நம்முடைய பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.

வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர்களுக்கு வீட்டு உரிமையாளர் பிரச்சினை இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சண்டைக்குப் போவதற்கு முன் நாயைக் காட்டுங்கள். குரைக்காத, ஓடாத, படுத்தே இருக்கும் கிழ நாயைப் பார்த்துச் சம்மதித்த உரிமையாளர்கள் உண்டு. மாநகராட்சி உரிமத்தையும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றையும் தவறாமல் எடுத்து வையுங்கள். அதில் எவனும் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

சில வீடுகள் வேண்டாம். நாயின் காதைப் பிடித்து இழுக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீடு, காலையில் பூட்டினால் இரவுதான் திறக்கும் வீடு, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு மூட்டு போன லாப்ரடார். மனசு இருக்கிறது என்பதற்காக இவர்களுக்கு நாயைக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் திருப்பி வாங்கினால் அந்த நாய்க்கு இரண்டாம் முறை கைவிடப்பட்ட அனுபவம். அவர்களை அந்தப் பத்துப் பேரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டி வந்த பிறகு செய்ய வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வரும் தோழர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். தண்ணீர், விரிப்பு, ஒரு மூலை, அவ்வளவு போதும். அந்த வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, இதயத்தில் இரைச்சல் கேட்கிறதா, பல் அழுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடாத கிழ நாய்களில் பலவற்றுக்குப் பசி இல்லாமல் இல்லை, வாயில் வலி. வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலையோ இபுப்ரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள்; அவை நாயைக் கொன்றுவிடக்கூடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு எதுவும் ஆகாது. சிறுநீரக நோய் இருந்தால் என்ன சாப்பாடு என்று மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், அதில் நம் யோசனை வேண்டாம்.

நம் வீடுகளின் வழவழ டைல்ஸ் தரை கிழ நாய்க்குப் பெரிய எதிரி. கால் வழுக்கி ஒரு முறை விழுந்த நாய் அதற்குப் பிறகு நடக்கவே பயப்படும். ரப்பர் விரிப்போ பழைய யோகா பாயோ, அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை வழியாகப் போட்டுவிடுங்கள். எழ முடியாவிட்டால் ஒரு துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடியுங்கள், முன்னங்காலால் அதுவே நடக்கும். பார்வை இல்லாத நாய் இருக்கும் வீட்டில் நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காது கேட்காத நாயைத் தரையைத் தட்டி எழுப்புங்கள். நடு இரவில் எழுந்து சுற்றிச் சுற்றி வந்தாலோ, மூலையில் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நின்றாலோ அது பிடிவாதம் இல்லை. நமக்கு வருவது போல நாய்க்கும் மூளை மூப்பு வரும். ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. படுத்த இடத்திலேயே மூத்திரம் போனால் ஒரு வார்த்தை திட்டாதீர்கள். அது வேண்டுமென்று செய்வதில்லை. பழைய வேட்டிகளைச் சேர்த்து வையுங்கள். அவற்றைவிட நல்ல விரிப்பு இல்லை. எழவே முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும், இரவிலும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துப் பதற்றத்துக்கான மருந்து வாங்கி வையுங்கள். அன்று உள்ளறையில், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டு, நாயோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது எல்லோர் மனதிலும் இருப்பதற்கு வருகிறேன். "கூட்டி வந்து ஆறு மாதத்தில் செத்துப்போனால் தாங்க முடியாது" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், தாங்க முடியாது. ராணி போன பிறகு அந்தப் பால்கனிக்கு நான் பல நாள் போகவில்லை. ஆனால் நாம் கூட்டி வராவிட்டாலும் அந்த நாய் அதே ஆறு மாதத்தில்தான் சாகும். அது எங்கே, யார் பக்கத்தில், எந்தத் தரையில் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. நமக்கு வரும் துக்கத்தைக் காரணம் காட்டி அதற்குக் கிடைக்கக்கூடிய ஆறு மாதத்தை நாம் தடுக்கக் கூடாது.

வலியை எந்த மருந்தாலும் தணிக்க முடியாத நிலை வரும்போது, மருத்துவர் சொன்னால், அமைதியாக உறங்க வைக்கும் முடிவை எடுக்கத் தயங்காதீர்கள். அந்த முடிவை அந்த வீட்டுக்காரர் தலையில் தனியாகப் போடாதீர்கள். பத்துப் பேரும் பேசி எடுங்கள். கடைசி ஊசி போடும்போது அதன் தலை தெரிந்த ஒருவர் மடியில் இருக்க வேண்டும்.

"மனிதர்களுக்கே முதியோர் இல்லத்தில் இடம் இல்லை, நாய்க்கு வீடா?" என்ற கேள்வி வரும். கோபப்படாதீர்கள். நியாயமான கவலையிலிருந்துதான் பலர் இதைக் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, முதியோர் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுபோகிறவர்களும் தெரு நாய்க்குச் சோறு வைக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். இரக்கம் ஒரு இடத்தில் செலவழித்தால் இன்னொரு இடத்தில் தீர்ந்துபோவதில்லை. நாய்க்கடியாலும் ரேபிஸாலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கோபமும் உண்மையானது. அவர்களிடம் வாதாட வேண்டாம். தடுப்பூசி போட்ட ஒரு நாய் தெருவிலிருந்து வீட்டுக்குள் போகிறது என்பதில் அவர்களுக்கும் நமக்கும் சண்டையே இல்லை.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து பிறந்த சட்டம் அது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே, வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியிலும் தாகத்திலும் வாட விட்டு ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை. மாற்றச் சொல்லிப் போராடுவோம், விட மாட்டோம். ஆனால் பதின்மூன்று வயது நாயால் சட்டத் திருத்தம் வரும் வரை காத்திருக்க முடியாது.

நாய்க்கு மரியாதை செய்வது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைக் காட்டுங்கள். ஏழாம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல் அது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர்களைக் கடித்துத் தன் எசமானைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நிலைக்கும்படி எழுதியவர்கள் நம் முன்னோர். நம் காப்பகங்களில் பல கிழ நாய்களுக்கு இன்று இருப்பது கூண்டு எண் மட்டும். அவற்றைக் கூட்டிப் போகிறவர்கள் முதல் வேலையாக ஒரு பெயர் வையுங்கள்.

தோழர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்கள் பத்துப் பேரில் குறைந்தது மூன்று பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். குட்டிகள் இருக்கும் பக்கம் திரும்பாமல் நேரே பொறுப்பாளரிடம் போய், "இங்கே அதிக நாளாக இருக்கும் வயசான நாய் எது, மழையைத் தாங்காது என்று நீங்கள் பயப்படும் நாய் எது?" என்று கேளுங்கள். அவர்களுக்குப் பதில் தெரியும்; பல நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அந்த நாயின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதன் மருத்துவக் குறிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். யார் வீடு, யார் மருந்து, யார் வண்டி, யார் மாற்று ஆள் என்று அங்கேயே எழுதுங்கள். வீடு கொடுக்க முடியாதவர்கள் மீதி ஒன்பது இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே முடியாது என்று சொல்லக்கூடியவர் நம்மில் யாரும் இல்லை.

ஐப்பசி அடைமழைக்கு முன் அந்த நாயை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.